வாரண்டி முடிந்த ஸ்மார்ட் வாட்சுக்குப் புது பேட்டரி: நெல்லையில் யாரிடம் கொடுக்கலாம்?

சாதாரணக் கைக்கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றுவது நமக்குப் பழகிய வேலை. டவுன் ரத வீதியிலோ ஜங்ஷன் பக்கத்திலோ கடை வாசலில் நின்றபடியே கழற்றிக் கொடுத்தால், பின்மூடியை நெம்பித் திறந்து, பொத்தான் செல்லை மாற்றி, ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் கையில் தந்துவிடுவார்கள். ஸ்மார்ட் வாட்சையும் பலர் அதே நினைப்பில்தான் கொண்டுபோகிறார்கள். அங்கேதான் காசும் போகிறது, சில சமயம் வாட்சும் போகிறது. உள்ளே இருப்பது 1.55 வோல்ட் பொத்தான் செல் கிடையாது. மெல்லிய உறைக்குள் அடைத்த, திரும்பத் திரும்ப சார்ஜ் ஏறும் லித்தியம் பேட்டரி. மூடியைத் தண்ணீர் புகாதபடி பசையோ ரப்பர் வளையமோ இறுக்கிப் பிடித்திருக்கும். பழைய பேட்டரியை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க, கை பழகியவருக்குச் சில நிமிடம் போதும். திறந்த வாட்சை முன்பு இருந்தபடியே மூடுவதுதான் பெரிய வேலை.

அதனால் சர்வீஸ் சென்டர், உள்ளூர் மொபைல் கடை, நாமே கழற்றுவது, எக்ஸ்சேஞ்சில் போடுவது என்று இருக்கிற வழிகளை விலையை மட்டும் வைத்து ஒப்பிட்டால் பதில் தப்பாகத்தான் வரும். யார் ஒழுங்காக மூடித் தருவார், அந்த மூடல் நமக்கு எவ்வளவு தேவை என்ற இரண்டு கேள்வியை வைத்தே நான் ஒவ்வொரு வழியையும் எடைபோடுகிறேன்.

பேட்டரிதான் காரணமா?

கடைக்குக் கிளம்புமுன் இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஆப்பிள் வாட்சில் செட்டிங்ஸுக்குள் பேட்டரி, அதற்குள் பேட்டரி ஹெல்த் என்று போனால், புதிதாக இருந்தபோது பிடித்த சார்ஜில் இப்போது எத்தனை சதவீதம் பிடிக்கிறது என்று தெரியும். 1000 முழு சார்ஜ் சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதம் வரை தாங்கும்படி வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. தினம் ஒருமுறை முழுதாக சார்ஜ் போடுகிறவருக்கு 1000 சுற்று என்பது மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் கீழே. மூன்று, நான்கு வருடம் ஆன வாட்ச் சாயங்காலம் வரை நிற்கவில்லை என்றால் அதில் ஆச்சரியமில்லை.

மற்ற பல வாட்சுகளில் இப்படி ஒரு எண் கிடைக்காது. நடத்தையைத்தான் கவனிக்க வேண்டும். சார்ஜரில் வைத்த கொஞ்ச நேரத்திலேயே 100 காட்டி, அதே வேகத்தில் இறங்கினால் பேட்டரி கொள்ளளவை இழந்திருக்கிறது. 30, 40 சதவீதம் இருக்கும்போதே, அதுவும் ஜிபிஎஸ் போட்டு நடக்கிற நேரத்தில் படக்கென்று அணைந்தால், பேட்டரிக்குள் மின்சாரம் பாய்வதற்கான தடை ஏறிப்போய்விட்டது. மாறாக, மணிக்கணக்கில் வைத்தும் சார்ஜ் ஏறவே இல்லை என்றால் முதலில் சார்ஜரையும் வாட்சின் அடியில் இருக்கும் பின்களையும் சந்தேகப்படுங்கள். நம் ஊர் வியர்வை உப்பு அந்தப் பின்களில் பச்சையாகப் படிந்துவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தாலே சரியாகிவிடும் வாட்சுகள் உண்டு. திரை எப்போதும் எரியும் வசதி, சமீபத்தில் வந்த சாஃப்ட்வேர் அப்டேட், இரவெல்லாம் ஓடும் தூக்கக் கணக்கு ஆகியவற்றை இரண்டு நாள் அணைத்து வைத்துப் பார்த்தால் பேட்டரியின் மேல் பழியா, அமைப்பின் மேல் பழியா என்று தெளிவாகும்.

ஒருமுறை சார்ஜ் போட்டால் ஒரு வாரம் ஓடும் விலை குறைந்த வாட்சுகளின் கதை வேறு. வருடத்துக்கு ஐம்பது முறை சார்ஜ் போட்டாலே அதிகம். அப்படிப்பட்ட வாட்ச் இரண்டு வருடத்தில் படுத்துவிட்டால், தேய்மானத்தைவிட சூடுதான் காரணமாக இருக்க வாய்ப்பு. 0 முதல் 35 டிகிரிக்குள் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். பாளையங்கோட்டையில் சித்திரை, வைகாசியில் நிழலிலேயே அதைத் தாண்டுகிறது. ஆனி, ஆடியில் காற்று அடித்தாலும் வெயில் குறைவதில்லை. தகரக் கூரைக்கு அடியில் சார்ஜ் போடுவதும், பைக் பெட்டிக்குள் வாட்சைப் போட்டு வெயிலில் நிறுத்துவதும் லித்தியம் பேட்டரியின் ஆயுளை வேகமாகத் தின்னும். காலி சார்ஜோடு மாதக்கணக்கில் மேசை டிராயரில் கிடந்ததும் இன்னொரு காரணம். இந்தப் பழக்கம் மாறாமல் புது பேட்டரி போட்டால் அதுவும் இதே வழியில்தான் போகும்.

ஒரு நிலைமைக்கு மட்டும் ஒப்பீடே கிடையாது. திரையோ பின்மூடியோ ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, நகம் நுழையும் அளவு இடைவெளி தெரிந்தால் உள்ளே பேட்டரி அப்பளம்போல உப்பியிருக்கிறது. அதை அழுத்தி மூடாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், கையில் கட்டாதீர்கள். எரியும் பொருள் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்து, நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். சேதமான, உப்பிய லித்தியம் பேட்டரியை விமானத்தில் ஏற்றுவதை சர்வதேச விதிகள் தடைசெய்கின்றன. சென்னைக்கோ பெங்களூருக்கோ விஷயத்தைச் சொல்லாமல் கூரியரில் போடுவது அடுத்தவர் உயிரோடு விளையாடுவது.

கம்பெனி சர்வீஸ் சென்டர்

மூடல் என்ற கணக்கில் இதற்குத்தான் முதலிடம். அந்த மாடலுக்கென்று வெட்டிய பசை நாடா, புது ரப்பர் வளையம், அதே வோல்ட்டேஜ் உள்ள பேட்டரி ஆகியவை இங்கே கிடைக்கும். சில கம்பெனிகள் பேட்டரி சர்வீஸ் என்று வாங்கிக்கொண்டு வாட்சையே மாற்றி வேறொன்று தருவதும் உண்டு. அதனால் கொடுத்த அதே வாட்ச்தான் திரும்பி வருமா என்று கேட்டுவிடுங்கள். மகன் வாங்கித் தந்தது, பின்னால் பெயர் பொறித்தது என்று இருந்தால் இது சின்ன விஷயம் இல்லை.

நெல்லையில் இருக்கிறவருக்குள்ள சிக்கல் தூரமும் காத்திருப்பும். போன் பார்க்கும் சென்டர்கள் எல்லாம் வாட்சை அங்கேயே திறப்பதில்லை. வாங்கி வைத்துக்கொண்டு பெரிய ஊருக்கு அனுப்புகிற சென்டர்களும் உண்டு. கம்பெனி வலைத்தளத்தில் 627002 என்று பின்கோடு போட்டுத் தேடி, கிடைத்த எண்ணில் பேசி, "வாட்ச் பேட்டரி இங்கேயே மாத்துவீங்களா, வெளியூருக்கு அனுப்புவீங்களா" என்று கேட்ட பிறகே கிளம்புங்கள். மதுரை சுமார் 160 கிலோமீட்டர். கொடுக்க ஒரு தடவை, வாங்க ஒரு தடவை என்றால் பஸ் செலவும் ஒரு நாள் சம்பளமும் எஸ்டிமேட்டோடு சேரும். வள்ளியூரிலும் ராதாபுரத்திலும் இருப்பவர்களுக்கு நாகர்கோவில் பக்கம். அங்கே அந்தக் கம்பெனிக்கு சென்டர் உண்டா என்று முதலில் பாருங்கள்.

எஸ்டிமேட் கேட்கும்போது மூன்று விஷயம் தெளிவாக வேண்டும். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்துச் சொன்னார்களா. வேண்டாம் என்று திரும்ப வாங்கினால் பார்வைக் கட்டணம் உண்டா. மாற்றிய பிறகு தண்ணீர் புகாத சோதனை செய்து தருவார்களா. மூன்றாவது கேள்விக்கு "செய்வோம்" என்ற பதில் வந்தால், சென்டர் கேட்கும் அதிகப்படியான காசுக்கு அர்த்தம் இருக்கிறது. "அதெல்லாம் கேரண்டி இல்லை" என்று சொன்னால், எதற்காக அங்கே போகிறோமோ அதுவே கிடைக்கவில்லை. ஆப்பிள் தன் இந்திய வலைத்தளத்திலேயே மாடலைச் சொன்னால் உத்தேசத் தொகையைக் காட்டுகிறது. ஆப்பிளிடம் தனியாகக் காசு கட்டி வாங்கும் ஆப்பிள்கேர் பிளஸ் பாதுகாப்புத் திட்டத்தின் காலம் இன்னும் மிச்சம் இருந்து, பேட்டரி 80 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் பேட்டரிக்குக் காசு கிடையாது. வாரண்டி முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு இதைப் பார்க்காமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வண்ணார்பேட்டை, ஜங்ஷன் மொபைல் கடைகள்

நம்மில் பெரும்பாலோர் போவது இங்கேதான். போவதில் தப்பும் இல்லை. திறமையான கைகள் இந்தக் கடைகளில் உண்டு. ஆனால் எந்தக் கடை, எந்த வாட்ச், என்ன பேட்டரி என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வண்ணார்பேட்டையில் ஒரு தம்பி வாட்ச் திறப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். முதலில் ஸ்டிராப்பைக் கழற்றி வைத்தார். சூட்டுத் தட்டில் வாட்சின் பின்பக்கத்தைக் கவிழ்த்துப் பசை இளகும் வரை காத்திருந்தார். பிறகு பிளேடை ஒரு மூலையில் மட்டும், மயிரிழை ஆழத்துக்கு விட்டார். மூடி லேசாகக் கிளம்பியதும் இழுக்கவில்லை. புத்தகத்தின் அட்டையைப் போல ஒரு பக்கமாகச் சாய்த்தார். பின்மூடியில்தான் இதயத் துடிப்பு சென்சாரும் சார்ஜ் பின்களும் இருக்கின்றன. அங்கிருந்து போர்டுக்கு ஒரு நாடா போகும். அவசரப்பட்டு இழுத்தால் அது அறுந்து, பேட்டரி மாற்றப் போன வாட்ச் துடிப்பு காட்டாமலோ சார்ஜே ஏறாமலோ திரும்பி வரும். அவர் முதலில் பேட்டரி கனெக்டரைப் பிளாஸ்டிக் குச்சியால் கழற்றி, அதன் பிறகே பேட்டரியைத் தொட்டார். உலோகச் சாமணத்தால் பேட்டரியை நெம்புகிற கடை என்றால் வாட்சைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். உறை ஓட்டையானால் தீப்பிடிக்கும்.

பழைய பசை முழுவதையும் சுரண்டி, ஆல்கஹாலில் துடைத்து, புதிதாகப் பசை இழுத்து மூடிக் கவ்வி போட்டார். மொபைல் கடைகளில் இதற்குப் பயன்படுவது பெரும்பாலும் பி-7000 அல்லது டி-7000 பசை. முதலாவது நிறமற்றது, இரண்டாவது கறுப்பு. நன்றாகப் பிடிக்கும், ஆனால் முழு பலம் வர ஒன்றிரண்டு நாள் ஆகும். "பேட்டரி மாத்துறது பத்து நிமிசம் அண்ணாச்சி. பசை காயறதுக்குத்தான் டைம். நாளைக்கு வாங்கிக்கிடுங்க. குளிக்கையில கழட்டி வச்சிருங்க, தண்ணிக்கு மட்டும் நான் கேரண்டி தர மாட்டேன்" என்றார். இப்படி முன்கூட்டியே சொல்கிற கடைக்காரரைத்தான் நான் நம்புவேன். ஐந்து நிமிடத்தில் ஒட்டித் தந்து, "ஆத்துல முங்கலாம், ஒண்ணும் ஆகாது" என்கிறவரிடம் இருந்து விலகி நிற்பது நல்லது.

அடுத்தது பேட்டரி. பெரிய கம்பெனி மாடல் என்றால் அந்த மாடல் எண்ணுக்கே உரிய பேட்டரியைக் கேட்க வேண்டும். விலை குறைந்த வாட்சுகளில் கடைக்காரர் அளவை வைத்துப் பொருத்துவார். உறையில் 402025 என்பது போல ஆறு இலக்கம் அச்சிட்டிருக்கும். தடிமன் 4.0 மில்லிமீட்டர், அகலம் 20, நீளம் 25 என்று பொருள். பழையதில் உள்ள எண்ணும் புதியதில் உள்ள எண்ணும் ஒத்துப்போக வேண்டும். தடிமன் அரை மில்லிமீட்டர் கூடினாலும் மூடி பேட்டரியை அழுத்தும், இல்லாவிட்டால் மூடி சரியாக உட்காராது. அதே அளவில் இருமடங்கு எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) என்று அச்சிட்டிருந்தால் நம்ப வேண்டாம். வாட்சுக்குள் இடமே அவ்வளவுதான். சாம்சங் கேலக்ஸி வாட்ச் 4இல்கூட 40 மில்லிமீட்டர் மாடலில் 247 எம்ஏஎச், 44 மில்லிமீட்டர் மாடலில் 361 எம்ஏஎச்தான்.

அளவைவிட முக்கியம் வோல்ட்டேஜ். இதைப் பல கடைகள் பார்ப்பதே இல்லை. 3.7 வோல்ட் என்று அச்சிட்ட பேட்டரி 4.2 வோல்ட்டில் நிறையும். 3.8 வோல்ட் என்றால் 4.35, 3.85 வோல்ட் என்றால் 4.4. உங்கள் வாட்சில் இருந்தது 3.85 வோல்ட் என்றால், வாட்சின் சார்ஜ் சர்க்யூட் 4.4 வரை தள்ளும். அங்கே 3.7 வோல்ட் பேட்டரியை வைத்தால் ஒவ்வொரு நாளும் அளவுக்கு மேல் சார்ஜ் ஏறி, சில மாதத்தில் அது உப்பும். பழைய பேட்டரியைக் கையில் வாங்கி இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அரை நிமிடம் ஆகாது. பழையதில் மூன்று கம்பி இருந்து புதியதில் இரண்டுதான் என்றாலும் கேளுங்கள். மூன்றாவது கம்பி பல பேட்டரிகளில் சூட்டை அளந்து சொல்வதற்காக இருப்பது.

எந்த வாட்சை உள்ளூர் கடையில் கொடுக்கலாம் என்பதும் திறக்கும் விதத்தைப் பொறுத்தது. சாம்சங் வாட்சுகள் பலவற்றில் பின்பக்கத் திருகுகளைக் கழற்றினால் மூடி வரும். ரப்பர் வளையம் கெடாமல் இருந்தால் மூடலும் ஓரளவு நன்றாக அமையும். ஆப்பிள் வாட்சைத் திரைப் பக்கமிருந்து திறக்க வேண்டும். கண்ணாடி விளிம்பு உடைவதும், திரைக்குப் போகும் நாடா அறுவதும் எளிது. 2019இல் வந்த சீரிஸ் 5 வரை, திரைக்கு அடியில் அழுத்தத்தை உணரும் மெல்லிய வளையம் வேறு உண்டு. திறக்கும்போது பெரும்பாலும் அதுதான் கிழியும். அதனால் ஆப்பிள் வாட்ச் பேட்டரியை ஏற்கெனவே பலமுறை மாற்றிய கடை என்று தெரிந்தால் தவிர உள்ளூரில் கொடுக்க நான் சொல்ல மாட்டேன். இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் வாட்சுக்கோ உள்ளூர் கடையை விட்டால் வேறு வழியே கிடையாது. கூலியும் பேட்டரியும் சேர்ந்து சில நூறு ரூபாயில் முடிந்தால் போடலாம். ஆயிரத்தைத் தாண்டினால் அந்தக் காசைப் புது வாட்சுக்குச் சேர்த்துவிடுவதே மேல்.

நாமே கழற்றலாமா?

பேட்டரியும் கருவியும் ஆன்லைனில் கிடைக்கின்றன, வீடியோவும் கிடைக்கிறது. ஆனாலும் வேண்டாம் என்பதே என் கருத்து. போனில் 5000 எம்ஏஎச் பேட்டரியைச் சுற்றி விரல் வைக்க இடம் இருக்கும். வாட்சில் இல்லை. சூட்டுத் தட்டு, சரியான முனையுள்ள திருப்புளி, பசை, கவ்வி எல்லாம் வாங்குகிற செலவுக்குக் கடைக்காரரின் கூலியே குறைவாக இருக்கும். மின்னணுப் பொருள் கழற்றிப் பழகியவர், கெட்டுப்போனாலும் பரவாயில்லை என்ற வாட்ச், உப்பாத பேட்டரி ஆகிய மூன்றும் சேர்ந்தால் மட்டும் செய்து பார்க்கலாம்.

புதிது வாங்குவதா, இப்படியே ஓட்டுவதா?

ஓடுகிற பொருளைத் தூக்கி எறியச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் பேட்டரிக்குக் காசு போடுமுன் அந்த வாட்சுக்கு இன்னும் எத்தனை வருடம் சாஃப்ட்வேர் வரும் என்று பார்த்துவிட வேண்டும். 2017இல் வந்த ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 3, ஆப்பிள் வாட்சின் சாஃப்ட்வேரான வாட்ச்ஓஎஸ்ஸின் 8ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. சீரிஸ் 4, சீரிஸ் 5 இரண்டும் வாட்ச்ஓஎஸ் 10 உடன் நின்றன. சாம்சங் 2021இல் கேலக்ஸி வாட்ச் 4 முதல் கூகுளின் வாட்ச் சாஃப்ட்வேரான வேர் ஓஎஸ்ஸுக்கு மாறியது. அதற்கு முந்தைய ஆக்டிவ் 2, வாட்ச் 3 போன்றவை சாம்சங்கின் பழைய சாஃப்ட்வேரான டைசனிலேயே இருக்கின்றன. மணி பார்க்க, நடை எண்ண, அழைப்பு வந்தால் தெரிய என்றால் இவை இன்னும் போதும். ஆனால் நாளை போனை மாற்றும்போது புதுப் போனோடு இது சேருமா என்பதையும் யோசிக்க வேண்டும். விலை குறைந்த பிராண்டுகளில் இன்னொரு கேள்வியும் உண்டு. அதற்கான ஆப் இன்னும் பிளே ஸ்டோரில் இருக்கிறதா, கடைசியாக எப்போது அப்டேட் ஆனது என்று பாருங்கள். ஆப் போய்விட்டால் புது பேட்டரியால் பயன் கொஞ்சம்தான்.

எனக்கு நானே வைத்துக்கொண்ட வரம்பு, இதே வேலையைச் செய்யும் புது வாட்சின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. எஸ்டிமேட் அதற்குள் இருந்தால் மாற்றுவேன். பாதியைத் தொட்டால் மாற்ற மாட்டேன். எக்ஸ்சேஞ்சில் பேட்டரி போன வாட்சுக்குப் பெரிய மதிப்பு கிடைக்காது. கிடைக்கிற தள்ளுபடி எக்ஸ்சேஞ்ச் இல்லாமலே வேறு கடையில் கிடைக்கிறதா என்று ஒப்பிடுங்கள்.

இப்படியே ஓட்டுவதும் ஒரு வழிதான், உப்பாத வரை. எப்போதும் எரியும் திரையை அணைத்து, ஜிபிஎஸ்ஸைப் போனிடம் விட்டு, குளிக்கப் போகிற நேரத்தில் சார்ஜில் போட்டால் பல வாட்சுகள் இன்னும் ஒரு வருடம் ஓடும். வ.உ.சி. மைதானத்தில் காலையில் நடக்கிறவருக்கு ஒரு மணி நேரம் நின்றாலே போதும். அதற்காக ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டியதில்லை.

யாருக்கு எது?

அம்பாசமுத்திரத்தில் என் சித்தப்பா தினமும் தாமிரபரணியில் குளிக்கிறவர். வாட்சோடுதான் இறங்குவார். 5 ஏடிஎம் என்று போட்டிருக்கிறது, 50 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தைத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் அது புது வாட்சைச் சோதித்தபோது கிடைத்த கணக்கு. சோப்பும் எண்ணெயும் பட்டு, வருடங்கள் கடந்தால் ரப்பரும் பசையும் தளரும். ஒருமுறை திறந்து மூடிய வாட்சுக்கு அந்தக் கணக்கே செல்லாது. உள்ளூரில் மாற்றினால் ஆற்றில் கழற்றி வைக்க வேண்டும் என்று சொன்னேன். "படித்துறையில கழட்டி வச்சா திரும்பி வரும்போது இருக்குமால? அப்புறம் எனக்கு எதுக்கு வாட்சு?" என்றார். அவர் கேட்டது நியாயம். அவருக்கு சர்வீஸ் சென்டர்தான், எத்தனை நாள் ஆனாலும். உவரியிலும் இடிந்தகரையிலும் கடலுக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் அதிகம் பொருந்தும். உப்புத்தண்ணீர் ஒரு துளி உள்ளே போனாலும் போர்டை அரித்துவிடும்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள், தனியாக இருக்கும் அம்மாவுக்கோ ஆச்சிக்கோ கீழே விழுந்தால் தகவல் போகும் வாட்சை வாங்கித் தந்திருப்பார்கள். ஆப்பிளில் சீரிஸ் 4 முதல் இந்த வசதி உண்டு. 55 வயதுக்கு மேல் என்று பதிவு செய்திருந்தால் தானாகவே இயங்கும். இங்கே மூடலைவிட முக்கியம், வாட்ச் கையில் இல்லாத நாட்கள். விழுவது அதிகம் குளியலறையில்தான் என்பதால் தண்ணீர் புகாத மூடலும் வேண்டும், வாட்ச் சீக்கிரம் திரும்பவும் வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்காவிட்டால் நான் புதிய வாட்சை வாங்கிக் கையில் கட்டிவிட்டு, பழையதை நிதானமாகச் சரிசெய்யக் கொடுப்பேன். இந்த ஒரு இடத்தில் மூன்றில் ஒரு பங்குக் கணக்கை நான் பார்க்க மாட்டேன்.

கல்லூரிப் பிள்ளைகளின் வாட்ச், கடையில் நிற்கிறவரின் வாட்ச், தண்ணீர்ப் பக்கம் போகாத அலுவலக வாட்ச் எல்லாவற்றுக்கும் நல்ல உள்ளூர் கடையே போதும். கை கழுவும்போது நனைவதையும் மழைத் தூறலையும் கவனமாக ஒட்டிய மூடி பெரும்பாலும் தாங்கும். குளியலுக்கும் எண்ணெய் தேய்க்கும் நாளுக்கும் கழற்றி வைத்தால் சரி.

கொடுக்கும்போதும் வாங்கும்போதும்

ஆப்பிள் வாட்சை ஐபோனிலிருந்து அன்பேர் செய்தால், அதாவது இணைப்பை நீக்கினால், தகவல்கள் போனில் பேக்கப் ஆகும், வாட்சை உங்கள் கணக்கோடு பூட்டி வைக்கும் ஆக்டிவேஷன் லாக்கும் விலகும். கொடுப்பதற்கு முந்தைய இரவே, வாட்சில் சார்ஜ் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். மற்ற வாட்சுகளிலும் ஆப்பில் பேக்கப் எடுத்து, கணக்கை நீக்கி, பூட்டு எண்ணை எடுத்துவிட்டுக் கொடுங்கள். கொடுக்கும் நிலையில் திரை, பொத்தான், சென்சார் எல்லாம் வேலை செய்வதைச் சின்ன வீடியோவாக எடுத்து வைப்பதும் பின்னால் உதவும்.

பில் கட்டாயம் வாங்குங்கள். அதில் மாடல் பெயர், மாற்றிய பேட்டரியின் எண், எத்தனை நாள் கேரண்டி, தண்ணீருக்கு கேரண்டி உண்டா இல்லையா என்பது எழுதியிருக்க வேண்டும். துண்டுச் சீட்டில் கையெழுத்தானாலும் சரி. வேலை மோசமாகி, பேசியும் தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை மதுரையில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. வாட்சை வெளியூருக்கு அனுப்பத் தயங்குகிறவர்களுக்கு இது நல்ல பிடிமானம்.

பழைய பேட்டரியைக் கண்ணால் பார்த்து, எண்ணை ஒப்பிட்ட பிறகு கடையிலேயே விட்டுவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து குப்பையில் போட வேண்டாம். ராமையன்பட்டி குப்பைக் கிடங்கு தீப்பற்றிப் புகைந்ததை நெல்லைக்காரர்கள் பார்த்திருக்கிறோம். நசுங்கிய லித்தியம் பேட்டரி குப்பை வண்டியிலேயே தீயை மூட்டும். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பேட்டரியைச் சந்தையில் விற்கும் உற்பத்தியாளரே கழிவையும் திரும்பப் பெற வேண்டும் என்கின்றன. கம்பெனி சென்டரில் கொடுத்தால் மறுக்க நியாயமில்லை.

வாங்கி வந்த முதல் வாரம்தான் கவனிக்க வேண்டிய காலம். முதல் இரண்டு நாள் தண்ணீர் படாமல் வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் ஏறும்போது வாட்சின் பின்பக்கம் கை வைக்க முடியாத அளவு சூடானால் உடனே எடுத்துவிடுங்கள். மூடி ஓரத்தை நகத்தால் சுற்றித் தடவி, எங்கேனும் தூக்கியிருக்கிறதா பாருங்கள். துடிப்பு காட்டுகிறதா, படி எண்ணுகிறதா, ஸ்பீக்கர் கேட்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். முழு சார்ஜில் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று இரண்டு மூன்று நாள் குறித்து வையுங்கள். புது பேட்டரி முன்பைவிடத் தெளிவாகக் கூடுதல் நேரம் நிற்காவிட்டால், பில்லோடு கேரண்டி நாளுக்குள்ளேயே கடைக்குத் திரும்பக் கொண்டுபோங்கள்.